சண்முகசுந்தரி என்ன சாப்பிட்டாள்?

அறுபத்தாறாம் வருஷம், தீபாவளி கழிந்த நாலாம் நாள் தில்லைநாயகம் பிள்ளை முந்திரிக்கொத்து கேட்டார். தென்காசியில் அவர் வீட்டுப் பலகாரம் என்றால் அது உலகம்மையின் கைப் பலகாரம்தான். பாசிப்பயறை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் தேங்காயோடு உருட்டி, மாவில் தோய்த்து அவள் சுட்டெடுத்தால் பத்து நாளைக்கு மொறுமொறுப்புக் குறையாது. எடுத்து வர அலமாரியைத் திறந்தால் தகரம் காலி. அடியில் தூள் மட்டும் கிடந்தது.

"ஒரு தகரம் நெறைய இருந்துதே, எங்கன போச்சு?" என்று பிள்ளை பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டார்.

அந்த அலமாரிச் சாவி சண்முகசுந்தரியின் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. ஆனால் அவளுக்குச் சொல்ல வேறு வழியும் இல்லை. இனிப்பும் சோறும் குறைக்காவிட்டால் மூட்டு இரண்டும் போய்விடும் என்று உள்ளூர் டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. பிள்ளை அதைச் சொல்லிச் சொல்லியே அவளைத் தினமும் வறுத்துக்கொண்டிருந்தார்.

"நான் என்னத்தக் கண்டேன்? காலைல ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு. அதுக்கு மேல என் தொண்டையில எறங்குதா? அடுப்படியில கெடக்கவளக் கேளுங்க."

முன்கூடத்தில் மங்களேஸ்வரி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். செங்கோட்டைக்காரி, சண்முகசுந்தரிக்கு ஒன்றுவிட்ட அக்காள். அவள் மகன் காந்திமதிநாதனுக்கு உலகம்மையின் மகள் ஆவுடையம்மாளைப் பேசி முடித்திருந்தார்கள். தையில் கல்யாணம். நாள் குறிக்கத்தான் அன்றைக்கு வந்திருந்தாள். அவள் காதில் விழும்படியாகத்தான் இவ்வளவும் நடந்தது.

உலகம்மை கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "அம்மா, நான் எடுக்கல."

சண்முகசுந்தரி அவள் முகத்தைப் பார்க்காமல் வளையலைத் திருகினாள். "மகளுக்கு எடுத்துட்டுப் போயிருப்பா. போட்டும், விடுங்க. இல்லாதவ."

திருடி என்றதைவிட அந்தப் 'போட்டும், விடுங்க'தான் உலகம்மையைச் சுட்டது. ஏனென்றால் அவளுக்கு எல்லாம் தெரியும். பதினோரு வருஷமாக அந்த அடுப்படியில் இருக்கிறாள். மத்தியானம் பிள்ளை கண்ணயர்ந்த பிறகு அலமாரிச் சாவி திரும்பும் சத்தம், நெய்ப் பானையில் ஸ்பூன் உரசும் சத்தம், வாயில் அடைத்துக்கொண்டு மூச்சு விடத் திணறும் சத்தம் எல்லாம் கேட்டிருக்கிறாள். பசிக்கிற வயிறு, பாவம் என்று இரக்கப்பட்டு யாரிடமும் மூச்சு விடாமல், பலகாரம் சுடும்போது பத்திருபது கூடுதலாகவே சுட்டு வைத்தவள் அவள்.

அதிலிருந்து அஞ்சாம் நாள் செங்கோட்டையிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். களவு கை உள்ள வீட்டில் பெண்ணெடுக்க முடியாதாம்.

ஆவுடைக்கு அப்போது பத்தொன்பது வயது. குத்துக்கல்வலசையில் வாடகை வீட்டில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். செய்தி வந்த அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காந்திமதிநாதன் ஒரு கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியாமல் கொடுத்திருந்த கைக்குட்டையை எடுத்து மிஷின் எண்ணெய் துடைத்துப் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற உலகம்மைக்கு வயிறு பற்றி எரிந்தது.

வேலையை விட்டுவிடு என்று அண்டை அயலில் எல்லாரும் சொன்னார்கள். அவள் விடவில்லை. விட்டால் திருடி என்பது உறுதியாகிவிடும். அது ஒன்று. இன்னொன்று, சண்முகசுந்தரிக்கு என்ன ஆகிறது என்று பக்கத்தில் இருந்தே பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது புறவாசலில் நின்று முந்தியை உதறிக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று சண்முகசுந்தரி புதுச் சட்டம் போட்டாள். உலகம்மை மறுபேச்சில்லாமல் உதறிக் காட்டினாள். ஒரு நாள் விடாமல், ஒன்றரை வருஷத்துக்கு மேல்.

அந்தக் காலத்துக்குள் சண்முகசுந்தரியின் உடம்பு இன்னும் பெருத்தது. அறுபத்தேழு ஆவணியில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தூக்கி நிறுத்த நாலு பேர் வேண்டியிருந்தது. பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரம் பார்த்து அவளைக் காரில் தன் அரிசி மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போய், நெல் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினார். நூற்றியிருபத்தொரு கிலோ. அவள் திரும்பி வந்து இரண்டு நாள் அறைக்கதவைத் திறக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார், அமெரிக்காவில் படித்து வந்தவர், வயிற்றில் ஆபரேஷன் செய்தே எடையைக் குறைக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். பிள்ளை காரை எடுத்தார். வழியில் பிடிக்க ஒரு பெண் துணை வேண்டுமே, உலகம்மையையும் ஏற்றிக்கொண்டார்கள். புளியறை தாண்டி மலை வளைவுகளில் கார் திரும்பும்போதெல்லாம் சண்முகசுந்தரி அவள் தோளில் சாய்ந்தாள். அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டு உலகம்மை சன்னல் வழியாக ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு போனாள்.

டாக்டர் முதலில் கேட்டது, "என்ன சாப்பிடுவீங்க?" என்பதுதான்.

"காலைல ரெண்டு இட்லி. மத்தியானம் ஒரு கரண்டி சோறு. ராத்திரி ஒரு டம்ளர் பால். இது என் உடம்பு வாகு டாக்டர். எங்க அம்மைக்கும் இப்படித்தான்."

டாக்டர் சிரிக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார். ஒரு மாதம் வாயில் போகிறதெல்லாம் எழுத வேண்டும், பச்சைத் தண்ணீர்கூட விடக்கூடாது, எழுதுகிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும் என்றார். பிள்ளை மில்லுக்குப் போகிறவர். உலகம்மை அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். நோட்டு அவள் கைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சண்முகசுந்தரி அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "ஏட்டி, நான் சொல்லுததத்தான் எழுதணும். ஒன் இஷ்டத்துக்குக் கிறுக்கின, அப்புறம் இந்த வீட்டுல ஒனக்குச் சோலி இல்ல."

"சரி அம்மா. நீங்க சொல்லுதபடியே எழுதுதேன்."

எழுதினாள். முப்பது நாளும் எழுதினாள். பொரிகடலை உருண்டை உள்ளே போன நாளில் 'இட்லி ரெண்டு' என்று எழுதினாள். கால் படி அரிசிச் சோறும் மொச்சை போட்ட கெட்டியான புளிக்குழம்பும் போன நாளில் 'சோறு ஒரு கரண்டி, ரசம்' என்று எழுதினாள். கையெழுத்து அழகாக இருந்தது. சண்முகசுந்தரி வாங்கிப் படித்துவிட்டு, "பரவால்லயே" என்றாள்.

மறுபடி திருவனந்தபுரம். டாக்டர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை பார்த்து மூடினார். பிறகு பிள்ளையிடம் சொன்னார்:

"இவங்க இதைவிடக் கூடுதலாச் சாப்பிட்டிருந்தா, அதை நிறுத்தினாப் போதும்னு சொல்லுவேன். கத்தி வேண்டாம். இவ்வளவு கொஞ்சமாச் சாப்பிட்டும் எடை ஏறுதுன்னா எனக்கு வேற வழி இல்ல. பெரிய ஆபரேஷன். இரைப்பையில மேல ஒரு சின்னப் பை மாத்திரம் விட்டுட்டு, குடலைக் கொண்டு வந்து அதிலே சேர்க்கணும். பயம் உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதனாலதான் நோட்டு கேட்டது. மனசிலாயோ?"

சொல்லிவிட்டு, சுவரோரம் நின்ற உலகம்மையைப் பார்த்தார். "நீங்கதானே எழுதினது? இதுல உள்ளது சரியா?"

உலகம்மை சண்முகசுந்தரியைப் பார்த்தாள். சண்முகசுந்தரி கண்ணாலேயே மிரட்டினாள். அந்த ஒரு கணத்தில், 'இல்லை அய்யா, எல்லாம் பொய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று உலகம்மைக்கு நன்றாகத் தெரிந்தது. கத்தி என்று அவர் சொன்னது அவளுக்குப் புரியாமல் இல்லை. அவள் எண்ணெய்க் கைக்குட்டையை நினைத்தாள்.

"சரிதான் அய்யா. ஒரு எழுத்து மாறல."

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகுதான் சண்முகசுந்தரிக்குப் பயம் வந்தது. சாவு பயம் இல்லை, சாப்பாட்டுப் பயம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு சோறு சாப்பிடலாமா? சாப்பிடலாம், இரண்டு ஸ்பூன். நெய் ஊற்றிக்கொள்ளலாமா? தொட்டுக்கொள்ளலாம். கல்யாண வீட்டில் இலையில் உட்காரலாமா? உட்காரலாம், ஆனால் முழு இலையும் முடியாது. பாயசம்? இனிப்புக் கூடவே கூடாது என்றார் டாக்டர். சின்னப் பைக்குள் இனிப்பு விழுந்தால் நேராகக் குடலுக்குப் பாய்ந்துவிடும். நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், மயக்கம் வரும். எவ்வளவு நாளைக்குக் கூடாது என்று அவள் கேட்டாள். என்றைக்குமே என்றார் அவர். உலகம்மை ஒவ்வொரு பதிலையும் மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

கார்த்திகையில் அறுத்தார்கள். மார்கழிக் கடைசியில் ஊருக்குக் கொண்டு வந்தார்கள். கூடவே ஜெபமலர் என்று ஒரு நர்ஸையும் பிள்ளை வீட்டோடு வைத்தார். நாசரேத்துப் பக்கத்துக்காரி, நாற்பது வயது, வேலையில் கண்டிப்பு, பேச்சில் சிக்கனம். ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு மூன்று ஸ்பூன். வாயில் கூழாகும் வரை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரைமணி கழித்துத்தான். ஜெபமலர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊட்டுவாள்.

"சிஸ்டர், முருங்கைக்காய் திங்கலாமா? சதைய மட்டும் வழிச்சு?"

"ரெண்டு மாசம் போகட்டும்."

"வடையை மோர்ல ஊறப் போட்டா மெத்துனு ஆயிருமே, அது?"

"எண்ணெயில பொரிச்சது எங்க ஊறினாலும் எண்ணெயில பொரிச்சதுதாம்மா."

"வாயில வச்சு ருசி பாத்துட்டுத் துப்பிட்டா?"

ஜெபமலர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்பூனை நீட்டினாள். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உலகம்மை, அன்றைக்குச் சாம்பாருக்கு வெங்காயத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே நெய்யில் வதக்கினாள். வாசம் அறை வரை போகட்டும் என்றுதான் செய்தாள். மத்தியானம் தன் தட்டில் சோற்றைக் குழித்துக் குழம்பு ஊற்றி, அறைவாசலுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். சண்முகசுந்தரி கட்டிலில் படுத்தபடி ஒவ்வொரு கவளத்தையும் பார்த்தாள்.

ஆனால் மாசி, பங்குனி என்று போகப் போக விஷயம் உலகம்மை நினைத்தபடி போகவில்லை. எடை சரசரவென்று இறங்கியது. தாடை தெரிந்தது, கழுத்து தெரிந்தது. பெட்டியில் கிடந்த பழைய ரவிக்கைகளைச் சண்முகசுந்தரி எடுத்துப் போட்டுப் பார்த்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கன்னத்தில் கை வைத்தார்கள். அவள் எல்லாரிடமும் ஒரே கதையைச் சொன்னாள்.

"திருவனந்தபுரத்து டாக்டரே சொல்லிட்டாரு, நான் சாப்பிட்டது குருவி சாப்பாடுன்னு. ஒரு மாசம் எழுதி வச்சுப் பாத்துருக்காவல்லா. அப்பம் இந்த வீட்டுல போன பண்டமெல்லாம் எங்க போச்சுன்னு இப்பமாவது தெரியுதா?"

கேட்டவர்கள் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்கள். தான் எழுதின நோட்டு தன் கழுத்துக்கே கயிறாக வந்து நிற்கும் என்று உலகம்மை எதிர்பார்த்திருக்கவில்லை. வைகாசியில் காந்திமதிநாதனுக்குச் சுரண்டையில் பெண் எடுத்தார்கள். சண்முகசுந்தரி நடந்தே மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாளாம். வந்து, கல்யாணச் சமையல் எப்படி என்று உலகம்மையிடமே சொன்னாள்.

அன்றைக்கு உலகம்மை ஒரு முடிவுக்கு வந்தாள்.

அவளுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. வயிறு சின்னதாகிவிட்டதே தவிர வாய் அப்படியேதான் இருந்தது. ஜெபமலர் குளிக்கப் போகும் நேரம் சண்முகசுந்தரி அடுப்படிக்கு வந்து கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். பிறகு கட்டிலில் விழுந்து வேர்த்துக் கிடப்பாள். புழுக்கம் என்பாள். முதலில் துண்டு சுண்டைக்காய் அளவு. ஆனியில் நெல்லிக்காய் அளவு.

ஆடியில் சாரல் நன்றாக விழுந்தது. பெண்டாட்டி பிழைத்து எழுந்த சந்தோஷத்தில் பிள்ளை குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு வீட்டைப் பிடித்து, நெருங்கின சொந்தத்தை எல்லாம் மூன்று நாள் குளியலுக்கு அழைத்தார். மங்களேஸ்வரியும் வந்தாள். அவள் வருகிறாள் என்று தெரிந்த பிறகுதான் உலகம்மை பாசிப்பயறை வறுக்க ஆரம்பித்தாள்.

இரண்டாம் நாள் காலையில் முந்திரிக்கொத்து சுட்டு ஆறப் போட்டாள். அந்த வாசம் வீட்டை நிறைத்தது. ஆறினதும் ஜெபமலரைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், எனக்குக் கெட்ட பேரு உண்டும். ஒங்க கையால எண்ணித் தகரத்துல போட்டுருங்க."

ஜெபமலர் எண்ணிப் போட்டாள். நாற்பது. உலகம்மை தகரத்தை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கொண்டு போய்ச் சண்முகசுந்தரியின் கையில் கொடுத்தாள். "குளிச்சிட்டு வந்து எல்லாருக்கும் நீங்களே எடுத்துக் குடுங்க அம்மா." மங்களேஸ்வரி பக்கத்தில் இருந்து தலை சீவிக்கொண்டு இதைப் பார்த்தாள். 'சாவி கொடுத்த மட்டும் நல்லது' என்பதுபோல் உதட்டைச் சுழித்தாள்.

பத்து மணிக்கு எல்லாரும் அருவிக்குப் புறப்பட்டார்கள். சண்முகசுந்தரி தூக்கம் வருகிறது என்றாள். ஜெபமலர் தயங்கினாள். "நீங்களும் போய்க் குளிச்சிட்டு வாங்க சிஸ்டர். மூணு நாளு இங்கன இருந்துட்டு அருவியப் பாக்காமப் போவீகளா? எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சண்முகசுந்தரியே அவளை விரட்டினாள். உலகம்மை எண்ணெய்க் கிண்ணத்தையும் சீயக்காய்ப் பொடியையும் எடுத்துக்கொண்டு கடைசி ஆளாக இறங்கினாள். அருவியில் எல்லாரும் தலையைக் கொடுத்து நின்றபோது அவள் மட்டும் பாறையில் உட்கார்ந்து அவரவர் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல் பிரிந்து செத்துப்போனால்? அந்த நினைப்பும் வந்தது. வந்தால் வரட்டும் என்று அவள் அதை விரட்டவில்லை, கூப்பிட்டு உட்கார வைக்கவும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது சண்முகசுந்தரி கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். உடம்பெல்லாம் தெப்பமாக வேர்த்திருந்தது. உதடு வெளுத்து, கை நடுங்கியது. பிள்ளை ஈரத் துண்டோடு அலறினார். ஜெபமலர் மண்டியிட்டு நாடியைப் பிடித்தாள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல..."

"அம்மா, நெசத்தச் சொன்னாத்தான் எனக்கு என்ன செய்யணும்னு தெரியும். உள்ள தையல் பிரிஞ்சிருக்குன்னா இந்த நிமிஷமே திருவனந்தபுரத்துக்கு ஓடணும். ஏதாவது இனிப்புச் சாப்பிட்டிருந்தா காலைத் தூக்கிப் படுக்க வச்சாப் போதும். என்ன சாப்பிட்டீங்க?"

சண்முகசுந்தரி கண்ணை உருட்டிக் கூட்டத்தைப் பார்த்தாள். மங்களேஸ்வரி நிற்கிறாள். சுரண்டைச் சம்பந்தக்காரி நிற்கிறாள். புருஷன் நிற்கிறார். அவள் விரல் மெதுவாக எழுந்து உலகம்மையைக் காட்டியது.

"இவ... காலைல குடுத்த கஞ்சியில... என்னத்தையோ கலந்துட்டா."

பிள்ளை திரும்பினார். அடிக்கக் கையை ஓங்கியவர் அப்படியே நின்றார். ஏனென்றால் உலகம்மை ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. அழவில்லை, சத்தியம் பண்ணவில்லை. தரையில் கிடக்கிறவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நிமிஷம் சண்முகசுந்தரிக்குக் குமட்டியது. ஜெபமலர் தலையைத் தாங்கிப் பிடித்துக் கும்பாவை வைத்தாள். வந்து விழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள். கருப்பட்டி நிறம், தேங்காய்ச் சில்லு, மெல்லாமல் விழுங்கின பயற்று மாவு.

ஜெபமலர் குரலை உயர்த்தவில்லை. "பெட்டியத் திறங்க."

சாவி சண்முகசுந்தரியின் இடுப்பில் இருந்தது. மங்களேஸ்வரிதான் குனிந்து அதை அவிழ்த்தாள். தகரத்தைத் திறந்து, அவளே எண்ணினாள். முப்பத்தாறு. ஒன்று பாதி கடித்தபடி கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்தது.

"நாப்பது நான் எண்ணிப் போட்டது" என்றாள் ஜெபமலர். "சாவி இங்கதான் இருந்துது. வீட்டுல வேற ஆளும் இல்ல."

கட்டிலில் ஏற்றிக் காலுக்குத் தலையணை வைத்தார்கள். சண்முகசுந்தரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிள்ளை அவள் பக்கத்தில் போய், "ஏன்ளா?" என்றார். அவ்வளவுதான் அவரால் கேட்க முடிந்தது.

"பசிக்கு" என்றாள் அவள், சுவரிடம் சொல்வதுபோல். "எப்பவும் பசிக்கும். சின்னப் பிள்ளைலேருந்தே பசிக்கும். இன்னைக்கும் பசிக்கு. வயித்த அறுத்தாவளே, பசிய அறுத்தாவளா?"

அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். அந்தக் குரல் உலகம்மைக்குள்ளும் எங்கேயோ போய்ப் பட்டது. பழைய இரக்கம் தலையைத் தூக்கியது. அவள் அதைத் தலையில் தட்டி உட்கார வைத்தாள்.

உலகம்மைக்குப் பின்னாலேயே மங்களேஸ்வரி அடுப்படிக்கு வந்தாள். "ஏளா உலகு, தப்பா நெனச்சிட்டேன். நானும் பொம்பளப் பிள்ளையப் பெத்தவதான். நீ மனசுல வச்சுக்கிடாத."

"மனசுலதான் வச்சிருக்கேன்" என்றாள் உலகம்மை. "வேற எங்கன வைக்க? செங்கோட்டையில போயி எல்லாருகிட்டயும் சொல்லுங்க. அன்னைக்குச் சொன்ன அதே வாயால, அதே ஆட்களுகிட்ட. ஒரு வீடு விடாமச் சொல்லுங்க. பெறவு வந்து மன்னிப்புக் கேளுங்க, குடுக்கதா வேண்டாமான்னு பாப்போம்."

சாயங்காலம் சாரல் விட்டு வெயில் வந்தது. சண்முகசுந்தரிக்குப் படபடப்பு அடங்கிவிட்டது. ஜெபமலர் வெளியே போன சமயம் அவள் உலகம்மையைக் கூப்பிட்டு அனுப்பினாள். உலகம்மை போய் வாசற்படியில் நின்றாள்.

"வேணும்னுதான் சுட்டியா?"

"ஆமா."

"மங்களா வருவான்னு தெரிஞ்சு."

"ஆமா."

சண்முகசுந்தரி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஏதோ ஒன்றோடு ஒன்றை மனசுக்குள் முடிச்சுப் போடுகிறாள் என்று தெரிந்தது. திடீரென்று முழங்கையை ஊன்றி எழுந்தாள். மெலிந்த முகத்தில் கண் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன.

"ஏட்டி, அந்த நோட்டு. நீ நெசத்த எழுதியிருந்தா அந்த டாக்டர் என் வயித்த அறுத்திருக்க மாட்டாருல்லா?"

"மாட்டாரு. ஒங்க வாயைத்தான் கட்டச் சொல்லியிருப்பாரு. எனக்குக் கேட்டுதே, ஒங்களுக்குக் கேக்கலயா?"

"தெரிஞ்சுமா எழுதுன? அவரு ஒங்கிட்டக் கேட்டாருல்லா, சரியான்னு. நான் செத்திருப்பேன்ட்டி."

"நீங்க சொன்னதத்தான் எழுதுனேன். நீங்க சொன்னதத்தான் சொன்னேன். ஒரு எழுத்து கூட்டல, ஒரு எழுத்து கொறைக்கல. பொய்யி ஒங்களது, அம்மா. அத நான் பத்திரமா வச்சு ஒங்களுக்கே திருப்பிக் குடுத்தேன்."

சண்முகசுந்தரி வாயைத் திறந்தாள். கத்துவாள் என்று உலகம்மை எதிர்பார்த்தாள். கத்தவில்லை. கையை வயிற்றில், தழும்பு இருக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு மறுபடி சாய்ந்தாள். "ஆறு மணிக் கஞ்சி யாரு தருவா?" என்று கேட்டாள். கேட்கும்போது குரலில் அதிகாரம் கொஞ்சமும் இல்லை.

"சிஸ்டருகிட்டக் கேளுங்க."

பிள்ளை வாசலில் மறித்தார். அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. வீட்டுச் சாவிக் கொத்து முழுவதையும் எடுத்து நீட்டினார். "நீ இல்லாட்டா அவளுக்குப் பக்குவம் பாக்க ஆளு இல்ல உலகம்மை. சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு முன்னால எவனும் ஒன்னை ஒரு சொல்லு சொல்ல மாட்டான்."

"ஒன்றரை வருசம் ஒங்க பொறவாசல்ல நின்னு முந்திய உதறியிருக்கேன் அய்யா. நீங்க பாத்துக்கிட்டே போவீக" என்றாள் அவள். சாவியைத் தொடவில்லை. தன் சேலை இரண்டையும் பையில் வைத்து எடுத்துக்கொண்டு தென்காசி பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் சீசன் கடைகளில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது.

குத்துக்கல்வலசையில் ஆவுடை மிஷினில் உட்கார்ந்திருந்தாள். உலகம்மை நடந்தது அத்தனையும் ஒன்று விடாமல் சொன்னாள். தகரத்தைச் சொன்னாள், மங்களேஸ்வரி எண்ணினதைச் சொன்னாள். மகள் முகம் மலரும் என்று பார்த்தாள். ஆவுடை மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நோட்டு விஷயம் வந்ததும் நிமிர்ந்தாள்.

"அறுக்கப் போறாவன்னு தெரிஞ்சும் சரின்னியா?"

"ஆமா. ஒனக்காவத்தான்."

"எனக்காவயா? அவன எனக்குப் போன வருசமே மறந்து போச்சும்மா. அவன் அம்மை சொன்னான்னு ஒரு வார்த்த கேக்காம விட்டவன். அவனுக்காவ ஒரு பொம்பள வயித்த அறுக்க விட்டியே."

உலகம்மை சேலையை உதறிக் கொடியில் போட்டாள். "அப்படின்னா எனக்காவன்னு வச்சுக்க. நான் திருடி இல்ல. அப்படிச் சொன்னதுக்கு அவ குடுத்த வெல இது. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

உண்மையிலேயே வருத்தம் இல்லையா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். ஒரு இடத்தில் கொஞ்சம் உறுத்தியது. 'பசிக்கு' என்று சுவரிடம் சொன்ன குரல். அந்த இடத்தை விட்டுவிட்டால் மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருந்தது.

அடுப்பைப் பற்ற வைத்துச் சோறு வடித்தாள். வத்தக்குழம்பு கொதித்தது, அப்பளம் சுட்டாள். ஆவுடை வெகுநேரம் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு வந்து, அம்மாவிடமிருந்து சற்றுத் தள்ளித் தட்டைப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். உலகம்மை மூன்றாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரமே புளியறையில் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடை ஒன்றில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்தது. கடைக்காரர் ஒலி முகம்மது, தென்காசியில் என்ன நடந்தது என்று கேள்விப்பட்டிருந்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சரக்கு அறையைக் காட்டி, உள்ளே என்ன என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கல்லாவுக்குப் போய்விட்டார். அந்தக் கதவுக்குப் பூட்டே இல்லை.